ஒரு பிளக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழும்

அன்புள்ள தம்பி தங்கைமாரே,

போன கிழமை உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், பாவம். பழைய கோப்புகளை அடுக்கும்போது, மின் இணைப்பி ஒன்றின் ஆக்கவுரிமைக் கோப்புக்குள் ஒரு பெண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல் இருந்ததாம். "சேர், இது எங்கேயோ இருந்து தவறி வந்திருக்கு. கழற்றி எடுக்கவா?" என்று கேட்டார். வேண்டாம், அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்றேன். "ஏன் சேர்?" என்றார். ஓய்வுபெற்ற ஒருவரிடம் ஏன் என்று கேட்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர் இனித் தெரிந்துகொள்வார். எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. இப்போது நீங்கள் இருக்கும் அதே கொழும்பு முகவர் அலுவலகத்தில், குளிரூட்டி சொட்டும் அந்த ஜன்னலோர மேசையில்தான் நான் காலம் தள்ளினேன். ஒருவர் ஒரு கண்டுபிடிப்பைக் கொண்டுவருவார். அதற்கு ஆக்கவுரிமை, ஊர் வாயில் பேட்டன்ட், கிடைக்குமா என்று ஆராய்ந்து இரண்டு பக்கத்தில் கருத்துரை எழுதுவேன். கிடைக்கும், கிடைக்காது, கிடைக்கலாம் ஆனால் என்று மூன்று வகைக் கருத்துரைகள் உண்டு. மூன்றாவதுதான் நம் வீட்டு அடுப்பை எரிய வைப்பது. ஓய்வுக்குப் பிறகு கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் என் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்கள் கலியாணம் முடித்து அங்கே போய்ச் சேருகிறவர்கள். முப்பது வருடம் விடுமுறைக்கு மட்டும் வந்துபோன வீட்டில் இப்போது சீனி எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் தேநீர் ஊற்றுகிறேன்.

நடந்தது நான் வேலையில் இருந்த கடைசி வருடத்தில். நோன்புப் பெருநாளுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். பெருநாள் திங்கட்கிழமை. அது முடிந்து வியாழக்கிழமை பின்னேரம் ஹில்மி என்ற இளைஞர் ஒரு கடைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாலமுனைக்காரர், எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளிப் பெண் எடுத்தவர். சம்மாந்துறை அரிசி ஆலைகளில் வயரிங் வேலை செய்கிறவர். பைக்குள் இருந்து தண்ணீர்க் குழாய்த் துண்டுகள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். பார்த்தால் யாரோ கழற்றி எறிந்த பைப் என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"சேர், இது பிளக். கடக்கரைக்குச் செஞ்ச பிளக்" என்றார்.

கடற்கரைக்கு எதற்குத் தனியாக ஒரு பிளக் என்று நீங்கள் கேட்கலாம். பெருநாள் தொழுகை எங்கள் ஊரில் கடற்கரைத் திடலில் நடக்கும். ஆயிரக்கணக்கில் சனம். ஒலிபெருக்கிகளைத் தூரத் தூர வைத்து, மணலுக்கு மேலால் வயர் இழுத்து, இடையிடையே இணைப்பிகளால் தொடுப்பார்கள். மணலும் உப்புக்காற்றும் அந்த இணைப்பிகளுக்குள் புகுந்துவிடும். யாராவது ஒருவருடைய கால் வயரில் தட்டும். அவ்வளவுதான், கடைசி ஒலிபெருக்கிகள் ஊமையாகிவிடும். கடைசி ஒலிபெருக்கிகள் இருப்பது பெண்கள் பக்கத்தில். தொழுகையோடு வரும் குத்பா உரை அவர்களுக்குக் கேட்காது.

"என்ட ஊட்டுக்காரி வருசா வருசம் ஏசுவா சேர். 'நீங்கெல்லாம் குத்பாவக் கேட்டுட்டு வாறீங்க, நாங்க கடல் எரையிறதக் கேட்டுட்டு வாறம், நீங்க என்னத்த வயரிங் படிச்ச' எண்டு. அந்த ஏச்சு தாங்க ஏலாமத்தான் இதச் செஞ்சன்."

செய்ததைக் காட்டினார். இரண்டு பாதிகளையும் செருகிக் கால்வாசி திருப்பவேண்டும். திருப்பும்போது உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு உரசித் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். சுற்றிவரச் சாய்வாக வெட்டிய பிளவுகள் இருந்தன. அதே திருப்பு உள்ளே இருந்த மணலை அந்தப் பிளவுகளால் வெளியே தள்ளும். அரிசி ஆலையில் உமித்தூசு சாய்வுப் பலகையில் வழுகி விழுவதைப் பார்த்துப் பிடித்த யோசனையாம். என் மனைவியின் பூச்சாடியில் இருந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளி இணைப்பிக்குள் போட்டார். செருகினார், திருப்பினார். மணல் முழுவதும் மேசைவிரிப்பில் கொட்டியது, அதோடு தொடுத்திருந்த மின்குமிழ் எரிந்தது. என் மனைவி மேசைவிரிப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

ஹில்மிக்கு இது விளையாட்டு விடயம் இல்லை. கட்டார் விசா கையில் இருந்தது. கொழும்பில் மின்சாதனம் செய்யும் ஒரு கம்பனியின் பொறியியலாளர் இந்தப் பொருளைப் பார்த்து விரும்பியிருந்தார். ஆனால் யாரும் பார்த்துச் செய்யக்கூடிய ஒன்றுக்குக் காசு போட்டு வார்ப்பு அச்சு வெட்ட முடியாது. ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்த இலக்கத்தை இந்த மாதத்துக்குள் கொண்டுவந்தால் பொருளையும் எடுப்போம், உன்னையும் வேலைக்கு எடுப்போம் என்று சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் கட்டார்தான். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும்.

"நீங்க ஒரு சொல் சொன்னாக் காணும் சேர்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் உட்கார்ந்தேன். அந்த இரண்டு நாளையும் விவரித்து உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். திருப்பினால் துடைக்கும் தகடு பழைய சங்கதி, வெளிநாட்டு ஆவணங்களில் நிறையக் கிடக்கிறது. தண்ணீர் வடியும் பிளவும் பழையதுதான். ஆனால் துடைப்பதையும் தள்ளுவதையும் ஒரே திருப்பில் செய்கிற சாய்வுப் பிளவு எங்கேயும் அகப்படவில்லை. துறை தெரிந்த ஒருவருக்குக்கூடத் தானாகத் தோன்றக்கூடிய விடயம் இல்லை அது. நான் உள்ளுக்குள் துள்ளினேன். நம் ஊர்ப் பொடியன், தண்ணீர்க் குழாய்த் துண்டில், இத்தனை நாட்டுக்காரர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்திருக்கிறான். சனிக்கிழமை அவரை வரச்சொன்னேன்.

எனக்கு வேலை பழக்கிய ஒரு மனிதர் இருந்தார். பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கடைசியில் கேள், இதை யார் பார்த்தார்கள் என்பதை முதலில் கேள் என்பார். நான் மகிழ்ச்சியில் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

"ஹில்மி, இத வேற யாரும் பாத்தாங்களா?"

அவருடைய முகம் மலர்ந்தது. "ஊரே பாத்த சேர்! போன பெருநாளைக்குத் திடல் முழுக்க இதத்தானே போட்டன். ஒரு ஸ்பீக்கர் நிக்கல்ல. தொழுக முடிஞ்சதும் எல்லாருஞ் சுத்தி நிண்டு கேட்ட. மச்சான் கழட்டி உள்ளுக்கெல்லாம் காட்டி வெளங்கப்படுத்தின. வீடியோவும் இரிக்கி."

"இந்தப் பெருநாளா?"

"இல்ல சேர், போன வருசத்து நோன்புப் பெருநாள். இந்தப் பெருநாளைக்கும் அதேதான் போட்ட."

நீங்கள் படித்திருப்பீர்கள்: ஒரு கண்டுபிடிப்பு பகிரங்கமாகிவிட்டால் அது புதியது இல்லை. கண்டுபிடித்தவரே காட்டியிருந்தாலும் அப்படித்தான். நம் நாட்டுச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. அவரே காட்டியது விண்ணப்பிப்பதற்கு முந்திய ஒரு வருடத்துக்குள் என்றால் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. போன பெருநாளுக்குக் காட்டியிருக்கிறார். இந்தப் பெருநாள் போய் ஐந்து நாள் ஆகிவிட்டது. ஒரு வருடமும் ஐந்து நாளும். முடிந்தது கதை.

கையோடு கருத்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அழகான கருத்துரை, இப்போது படித்தாலும் குற்றம் சொல்ல முடியாத தமிழ். ஐந்து நாள் முந்தி வந்திருந்தால் என்று ஒரு அனுதாப வசனமும் சேர்த்திருந்தேன். ஹில்மி இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பரவால்ல மாமா. ஊருக்கு ஒதவினதானே" என்றார்.

அதுவரை நான் அவருக்கு சேர். காரியம் கெட்ட பிறகு மாமா ஆகிவிட்டேன். கோபத்தில் அப்படிக் கூப்பிடவில்லை, என்னைத் தேற்றுவதற்குத்தான் கூப்பிட்டார். அது எனக்குக் கூடுதலாக வலித்தது. சொந்த மனைவி குத்பா கேட்கவேண்டும் என்பதற்காகப் பொருள் செய்த மனிதனை, ஊரார் முன்னால் காட்டிய குற்றத்துக்காகக் கடல் கடந்து அனுப்புகிறேனே என்று மனம் கிடந்து அடித்தது. என்ன செய்வது, திகதி திகதிதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் படலை திறந்தது. ஹில்மி, அவருடைய மனைவி சுமையா, இடுப்பில் குழந்தை ஹனா. எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்கு அழைப்பதென்றால் வீட்டுக்கு வந்து வாயால் சொல்லவேண்டும். தொலைபேசியில் சொன்னால் வராமல் இருக்க அதுவே போதுமான காரணம். பெருநாள் முடிந்து ஒரு கிழமை ஆகியும் எங்கள் வீட்டில் வட்டிலப்ப இனிப்பு மிச்சம் இருந்தது. இது குளிர்சாதனப் பெட்டியின் புகழ் என்று என் மனைவி சொல்வார், என் ஊகம் வேறு. நான் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"மாமி, வாற வெள்ளிக்கெழம பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு ஊட்ட வந்துட்டுப் போகணும். மாமாவும் வரணும். புள்ளைக்கு ஒரு வயசு. பெருசா ஒண்டுமில்ல, கேக் மட்டுந்தான். இவரும் அடுத்த கெழம போறாரே" என்றார் சுமையா. கடைசி வசனத்தைக் குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

என் மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. எண்ணைக் கண்டால் விடமாட்டார். "இவ பெருநாளண்டு பொறந்த புள்ளதானே?"

"ஓம் மாமி. போன பெருநாளண்டு விடியச் சுபஹோட. இவர் அங்க திடல்ல வயரோட நிக்கார், நான் இஞ்ச ஆஸ்பத்திரில நோவோட கெடக்கன். இவர் மணலோட வந்துதான் புள்ளயத் தூக்கின."

"அப்ப பெருநாள் போய் ஒரு கெழமயாச்சு. ஒரு வயசு இன்னும் வரல்லயா?"

சுமையா சிரித்தார். "பெருநாள் வருசா வருசம் முந்தி முந்தி வருமே மாமி. நாங்க கேக் வெட்டுற இங்கிலீஸ் திகதிக்கு."

நான் வட்டிலப்பத்தை வாயில் வைத்தபடி அப்படியே இருந்தேன்.

தம்பி தங்கைமாரே, இதை மெதுவாகச் சொல்கிறேன், எனக்குத்தான் மெதுவாக ஏறியது. பெருநாளுக்குப் பெருநாள் எண்ணினால் வருவது பிறை வருடம். அது பதினொரு நாள் குறைந்தது. சட்டம் கேட்பது நாட்காட்டி வருடத்தை. போன வருடப் பெருநாள் ஏப்ரலில் வந்தது, இந்த வருடம் மார்ச் கடைசியில் வந்தது. இது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருடமும் லீவு விண்ணப்பத்தில் நானே வேறு வேறு திகதி எழுதுகிறவன். ஆனால் ஊருக்கு வந்தால் ஊர்க் கணக்குத்தான் வாயில் வரும். அவன் கலியாணம் ஹஜ்ஜுப் பெருநாளோடு, இவன் கடை போன நோன்போடு என்றுதான் இங்கே காலம் போகிறது. ஹில்மி பெருநாளில் சொன்னார், நான் பெருநாளில் எண்ணினேன். வெளிநாட்டு ஆவணங்களின் திகதிகளை மும்மூன்று தரம் சரிபார்த்த நான், நம் ஊர்த் திடலின் திகதியை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அப்படியானால் அந்தப் பிளக்குக்கும் ஆகவில்லை.

"ஹில்மி, மச்சான்ட வீடியோவ இப்பவே எடுப்பி" என்றேன்.

காணொளி வந்தது. திகதி அதன் அடியிலேயே இருந்தது, சனிக்கிழமையும் அங்கேதான் இருந்திருக்கும். போன வருடம், ஹனா பிறந்த அதே திகதி. வரும் வெள்ளிக்கிழமையோடு ஒரு வருடம். நாலு நாள் இருக்கிறது என்று நான் மூச்சு விட்டேன். பிறகு, சனிக்கிழமை கேட்காமல் விட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"பெருநாளைக்கு முந்தி யாருக்காவது காட்டினயா? நல்லா யோசிச்சுச் சொல்லு மகன்."

அவர் யோசித்தார். "முந்தின நாள் அந்திக்கு மஃரிப் தொழுகைக்குப் பொறகு, பிறை கண்டதும் வயர் இழுக்கப் போன. அப்பயும் ஒரு பத்துப் பேர் நிண்ட. மச்சான் ஒண்டக் கழட்டிக் காட்டின."

மச்சானுக்கு வேறு வேலையே இல்லையா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். இனி வெள்ளி இல்லை, வியாழன். விளிம்பில் நின்று அந்த நாள் சேருமா சேராதா என்று சட்டத்தரணிகளை வாதாட வைக்க எனக்கு விருப்பம் இல்லை. புதன்கிழமை கொழும்பில், அரசாங்கப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பம் விழுந்தாக வேண்டும். கையெழுத்திட்ட தாளே போகவேண்டும் என்பதால் செவ்வாய்க்கிழமை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். என் கையில் இருந்தது ஒரு நாள்.

சுமையாவிடம் விடயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை நான் சொன்னது பிழை, இன்னும் வழி இருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல மாட்டேன் என்றேன். ஒரு வாடிக்கையாளர் முன்னால் பிழை என்ற சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தரம். நாக்கில் கொஞ்சம் ஒட்டியது. அவர் ஒன்றும் ஏசவில்லை. "அப்ப இவர் போகத் தேவல்லயா மாமா?" என்று மட்டும் கேட்டார். நான் பேனையைத் தேடினேன்.

செவ்வாய்க்கிழமையை எழுதுவதென்றால் ஒரு புத்தகம் ஆகும். மூன்று முடிவுகளை மட்டும் சொல்கிறேன், அவை உங்களுக்கு உதவும்.

வரைபடத்துக்கு ஆள் இல்லை. என் மனைவி தன் பழைய கணிதப் பெட்டியையும் வரைபுத் தாளையும் கொண்டுவந்து உட்கார்ந்தார். குழாய்த் துண்டைக் கழற்றி, அளந்து, நாலு கோணத்தில் வரைந்தார். பிளவின் சாய்வை நான் வசனத்தில் பிழையாக எழுதியிருந்ததை அவர்தான் பிடித்தார். பிடித்துவிட்டு வகுப்பில் சொல்வதுபோல, "திரும்பச் செய்யுங்க" என்றார். செய்தேன்.

அடுத்தது ஹில்மியின் ஆசை. ஒரு வழி திறந்துவிட்டது என்றதும் அவருக்கு யோசனை பொங்கத் தொடங்கிவிட்டது. மூன்று கம்பிக்கும் ஒன்று செய்யலாம் மாமா, றப்பர் மூடி போடலாம் மாமா, அறுகம்பே படகுக்காரர்களுக்கு வேறாக ஒன்று என்று மணிக்கு ஒன்று சொன்னார். "செஞ்சு பாத்தயா?" என்று கேட்டேன். இல்லை. செய்து பார்க்காததை அவசரத்தில் எழுதினால், உள்ள நல்லதும் அதோடு சேர்ந்து கலங்கிவிடும். ஒரு திருப்பு, ஒரு பிளவு, ஒரு தகடு, அதை மட்டும் எழுதினேன். மற்றவை பிறகு வரட்டும் என்றேன். முகம் சுருங்கினார். சுருங்கட்டும் என்று விட்டேன்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கடினம். விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் பெயர் என்ற இடத்துக்கு வந்தபோது ஹில்மி தயங்கினார்.

"மாமா, மச்சான்ட பேரையும் போடுவமா?"

மச்சான் என்பது றமீஸ், சுமையாவின் அண்ணன். அவரும் அங்கேதான் இருந்தார். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"மச்சான் என்னத்தக் கண்டுபிடிச்ச?" என்றேன்.

"அவர்தான் எல்லாருக்கும் வெளங்கப்படுத்தின."

"ஓம், அது தெரியும். அவர் வெளங்கப்படுத்தினதாலதான் நாம இப்ப இந்த ஓட்டம் ஓடுறம்."

றமீஸ் சிரித்தார், ஆனால் முழுமனதோடு சிரிக்கவில்லை. நான் ஹில்மியின் நிலையை அறிவேன். பெண் வீட்டில் இருக்கிற மருமகன், பெண்ணின் அண்ணனை விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் அரசாங்கக் காகிதத்தில் எழுதுவது லேசான காரியம் இல்லை. நானே முப்பது வருடம் அந்தப் பந்தியில் இருக்கிறவன். ஆனால் கண்டுபிடிக்காதவர் பெயரை மரியாதைக்காகப் போட்டால் அந்தக் கோப்பில் ஒரு பொய் குந்திவிடும். ஒரு நாள் எதிராளி அதைத்தான் பிடித்து இழுப்பான். கடைசியில் மரியாதையும் போகும், உரிமையும் போகும். இதை றமீஸிடமே நேராகச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தபடிதான் சொன்னேன்.

அவர் குழாய்த் துண்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். "சரி மாமா. எனக்கு இதுக்குள்ள என்ன இரிக்கி எண்டு தெரியும், ஏன் அப்பிடி இரிக்கி எண்டு தெரியா. அது இவனுக்குத்தான் தெரியும். நான் தாளக் கொண்டுபோறன், கொழும்புக்கு. அதாவது என்ட கையால போகட்டும்."

நம் தொழிலில் பெரிய பெரிய ஆய்வுகூடக்காரர்கள் இவ்வளவு தெளிவாகத் தங்கள் பங்கைச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்துபோய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை றமீஸை பஸ்ஸில் ஏற்றும்போது ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன்: "வழியில யாருக்குங் கழட்டிக் காட்டப்படாது." தாள்கள் இருந்த உரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையாட்டினார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் கூட்டத்தில் ஒருத்தி, அப்போது வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர், பஸ் நிலையத்துக்கே போய் றமீஸைப் பிடித்தார். ஒன்பது மணிக்கு எனக்கு எடுத்து, ஒரு படிவத்தில் ஹில்மியின் கையெழுத்து விடுபட்டிருக்கிறது, என்ன செய்வது, நானே பார்த்து ஏதாவது செய்யவா என்று கேட்டார். ஏதாவது என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும், நாங்கள் அதைக் கதைக்கவில்லை. ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அந்தப் படிவம் இன்றே தேவையா, பின்னால் கொடுக்கக்கூடியதா என்று பதிவு அலுவலகக் கவுண்டரில் கேள், கேட்டுவிட்டு எடு என்றேன். பின்னால் கொடுக்கலாம் என்றார்கள். அவசரத்தில் நாம் செய்ய நினைக்கும் பிழைகளில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதவை. அவர் இன்றைக்கு உங்களுக்கு மேற்பார்வையாளர். இதைப் படித்துவிட்டு அவரை உற்றுப் பார்க்க வேண்டாம்.

பதினொரு மணிக்கு றமீஸ் அழைத்தார். "மாமா, முத்திர குத்தியாச்சு! இலக்கமுந் தந்துட்டாங்க!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு சொல்லணும் மாமா. பஸ்ஸில பக்கத்து சீட்டுக்காரர் உரைக்குள்ள என்ன எண்டு கேட்டுக்கிட்டே வந்த. கொஞ்சமாச் சொல்லிப்போட்டன்."

நான் சிரித்த சிரிப்பில் குசினியில் இருந்த மனைவி ஓடி வந்தார். "இனி கல்முனைச் சந்தையில நிண்டு மைக் பிடிச்சுச் சொல்லுங்க, எனக்கொண்டுமில்ல" என்றேன்.

வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு போனோம். சுவரில் பலூன், மேசையில் இளஞ்சிவப்புக் கேக், அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் ஹில்மியின் கடவுச்சீட்டு. நான் சனிக்கிழமை கொடுத்த கருத்துரை அதற்குள் நான்காக மடித்து இருந்தது; வெள்ளை நுனி வெளியே தெரிந்தது. அதைத் திருப்பித் தரும்படி கேட்டேன். கிழித்துப்போடத்தான் கேட்டேன். ஹில்மி எடுத்துத் தந்தார். கையில் வாங்கியதும் கிழிக்க மனம் வரவில்லை. அது இப்போது என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. ஐந்து நாள் முந்தி வந்திருந்தால் என்ற வசனம் மேலே தெரியும்படி வைத்திருக்கிறேன், நான் எவ்வளவு அழகாகப் பிழை எழுதுவேன் என்று நினைவு வைத்துக்கொள்ள.

கேக் வெட்டும்போதுதான் ஹனாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு நகல் கேட்டேன். அந்தப் பெருநாள் என்ன திகதி என்று யாராவது ஒரு நாள் கேள்வி எழுப்பினால் காட்டுவதற்கு என்று சொன்னேன். உண்மையில் அதற்குக் காணொளியே போதும். அந்த நகல் சட்டத்தில் பெரிய சாட்சி ஒன்றும் இல்லை. அது எனக்காகக் கேட்டுக் கோப்பில் வைத்தது.

ஆக்கவுரிமை கிடைத்ததா என்று கேட்பீர்கள். பரிசோதனை இன்னும் நடக்கிறது. அதைக் கவனிக்கும் வேலை இப்போது உங்களுடையது, மெத்தனமாக இருக்க வேண்டாம். இலக்கத்தைப் பார்த்துக் கம்பனி ஹில்மியை அந்த மாதமே எடுத்துக்கொண்டது. கட்டார் விசா காலாவதியாகிக் கிடக்கிறது. கிழமைக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவார்.

பிறகு வந்த நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஹனா ஓடித் திரிந்து என் மனைவியின் பூச்சாடி மணலை அள்ளி விறாந்தையில் கொட்டினாள். சுமையாவிடம் திடலில் இந்த முறை குத்பா கேட்டதா என்று விசாரித்தேன்.

"எங்க மாமா கேக்க விட்டாள் இவ? முழுக்க வாப்பாவத் தேடி அழுகுற. கடைசில இவர்தான் எங்கட பக்கம் வந்து தூக்கிக்கிட்டுப் போன" என்றார்.

ஆகவே, அந்தத் தாளைக் கழற்ற வேண்டாம்.